சீரியலில் எல்லா மாதிரி ஆட்களும் ஏன் வரவேண்டும்?

சீரியல்களில் எல்லாத் தரப்பு மக்களும் வரவேண்டும் என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள், கதை நன்றாக இருந்தால் போதாதா, யார் வந்தால் என்ன, எல்லாம் கற்பனைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் என்னை உட்கார்ந்து எழுதவைத்தது, அதற்குக் கீழே நீங்கள் போகிறபோக்கில் சேர்த்திருந்த இரண்டு வரி. உங்கள் அம்மா சேலத்தில் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகிறார், ராத்திரி வந்து வரிசையாக மூன்று சீரியல் பார்க்கிறார், “நம்மள மாதிரி ஆளுங்க இதுல இல்லையே” என்று ஒருநாளும் குறைப்பட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: பார்க்கிறவரே குறையாக நினைக்காத ஒன்றை மற்றவர்கள் ஏன் குறை என்கிறார்கள்? இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நான் சேலத்தில் குகை என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவள். சென்னையில் பதினாறு வருடம் சீரியல்களுக்கு வசனம் எழுதினேன். இப்போது ஏழு வருடமாக இங்கே ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குத் திரைக்கதை சொல்லிக்கொடுக்கிறேன். உளவியல் படித்தவள் அல்ல. சீரியல் எப்படித் தயாராகிறது என்பதை அனுபவத்திலிருந்து சொல்வேன். பார்ப்பவர் மனதில் அது என்ன செய்கிறது என்பதை, வகுப்புக்காகப் படித்த ஆய்வுகளையும் என் மாணவர்களையும் வைத்துத்தான் சொல்ல முடியும். இந்த இரண்டையும் ஒரே உறுதியோடு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் பத்து நிமிடக் குறும்படத்துக்குக் கதை எழுதச் சொல்வோம். அந்தப் பெண் அம்மாவுக்கும் மகளுக்கும் நடக்கும் ஒரு சண்டையை எழுதியிருந்தாள். வசனம் அருமையாக இருந்தது. ஆனால் முதல் காட்சியே இப்படி ஆரம்பித்தது: ‘பெரிய ஹால். நடுவில் சோபா. மாடியிலிருந்து அம்மா படியிறங்கி வருகிறார்.’ எனக்கு அவள் வீடு தெரியும். குகையில் நான் பிறந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. முன்கட்டில் இரண்டு விசைத்தறி, பின்னால் ஓர் அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. மாடிப்படி கிடையாது. சோபா போட்டால் தறிக்கு இடம் இருக்காது. “இந்த வீடு யாருடையது?” என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “கதைன்னா அப்படித்தானே மேம் இருக்கும்?” என்றாள்.

அவள் வருத்தத்தோடு அதைச் சொல்லவில்லை. அவளும் உங்கள் அம்மா மாதிரியே எந்தக் குறையும் சொல்லாமல்தான் சின்ன வயதிலிருந்து சீரியல் பார்த்திருக்கிறாள். கதை எழுதும் நாள் வந்தபோது தன் வீடு கதைக்கு ஆகாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும், பத்து வருடத்தில் எத்தனை ஆயிரம் காட்சிகள் பார்த்திருப்பாள்? அத்தனையிலும் தறி ஓடும் வீடு ஒன்றுகூட வரவில்லை என்றால் மனது தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும்தானே. நீங்கள் கேட்ட நஷ்டத்தில் பெரிய பங்கு இது என்று நினைக்கிறேன். நம் வீட்டில் நடப்பதெல்லாம் சொல்லத்தக்கது இல்லை என்ற எண்ணம் பழக்கமாகப் படிந்துவிடும். பழக்கமாகிப்போன ஒன்றை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர்களில் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் முக்கியமானவர். 1976ல் லேரி கிராஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், கதை உலகத்தில் இடம் கிடைப்பது சமூகத்தில் இருக்கிறோம் என்பதற்கான அடையாளம், இடமே இல்லாமல் போவது ஒருவித அழிப்பு என்றார்கள். குறியீட்டு அழிப்பு என்று அதைச் சொல்வார்கள். அழிப்பு என்பது கொஞ்சம் கனமான சொல்தான். அந்த மாணவியின் தாளைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு அது கனமாகத் தோன்றவில்லை.

சரி, சீரியல்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? யாரோ கூடி உட்கார்ந்து தறிக்காரரையும் பட்டறைக்காரரையும் ஒதுக்கவேண்டும் என்று முடிவெடுப்பதில்லை. பதினாறு வருடத்தில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. அன்றாட வேலையின் ஓட்டத்தில் அது தானாக நடக்கும். கதைக்குழுவில் ஐந்தாறு பேர் இருப்போம். பாதிப்பேர் சென்னை, மீதிப்பேர் என்னைப் போல ஊரை விட்டுவந்து வருடக்கணக்கானவர்கள். படப்பிடிப்பு வீட்டை மாத வாடகைக்கு எடுப்பார்கள். கேமரா நகரவேண்டும், லைட் வைக்கவேண்டும், ஒரே ஹாலில் பத்துப் பேரை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் ரியாக்‌ஷன் எடுக்கவேண்டும். பத்தடி அகல வீட்டில் இதெல்லாம் முடியாது. அதனால் வீடு பெரிதாகிறது. வீடு பெரிதானதும் அதற்கேற்ற நகை, புடவை, கார், கம்பெனி, சொத்துத் தகராறு எல்லாம் தாமாக வந்து சேரும். முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் எபிசோடுகளைப் பேங்க் என்போம். அது பல நேரம் இரண்டு மூன்று நாளுக்குத்தான் இருக்கும். காலையில் எழுதிய பேப்பர் மதியம் செட்டில் இருக்கும். இதில் யாரும் போய் ஒரு பட்டறையைப் பார்த்துவிட்டு வந்து எழுத நேரமில்லை. ஏற்கெனவே தெரிந்ததை, அதாவது இன்னொரு சீரியலில் பார்த்ததை எழுதுவோம்.

அப்புறம் டி.ஆர்.பி., அதாவது எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. அதை எடுக்க நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில்தான் மீட்டர் இருக்கிறது. வியாழக்கிழமை எண்கள் வரும். போன வாரம் எது ஏறியதோ அதையே நீட்டச் சொல்வார்கள். இதுவரை வராத ஒருவருக்கு எண் எப்படி இருக்கும்? வராதவருக்கு எண்ணே இருக்காது. “மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்” என்று சொல்லும்போது மறைந்துபோவது இந்த இடம். கொடுத்துப் பார்க்காத ஒன்றை மக்கள் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

நம் ஊருக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938ல் வந்தது, அதைத் தயாரித்ததும் நம் சேலத்து நிறுவனம்தான். அந்தப் படங்கள் எல்லாம் சேலத்து வாழ்க்கையைக் காட்டின என்று நான் சொல்ல வரவில்லை. ராஜா ராணிக் கதைகளும் மாயாஜாலமும் அதில் நிறைய. ஆனால் படம் எடுக்கும் இடம் ஓர் ஊரில் இருந்தால் அந்த ஊர் ஆட்கள் உள்ளே போக ஒரு வழி இருக்கும். தச்சர், தையற்காரர், எலெக்ட்ரீஷியன், நாடகத்தில் நடித்த பையன் என்று யாராவது ஒருவர் போவார். தயாரிப்பு முழுக்கச் சென்னை என்ற ஒரே ஊரில் குவிந்தபோது அந்த வழி அடைபட்டது. இன்னொரு பக்கம் டிவியோ எல்லா இடத்துக்கும் போய்விட்டது. 1975 ஆகஸ்ட் 15ல் சென்னைத் தொலைக்காட்சி ஆரம்பித்தபோது சேலத்தில் பலருக்கு அது செய்தித்தாளில் படித்த விஷயம். 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி மட்டும் ஒரு கோடிக்கும் மேல். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். படம் போய்ச் சேரும் வீடுகள் பெருகிக்கொண்டே போயின. படத்துக்குள் வரும் வீடு மட்டும் மாறவில்லை.

மலையைப் பற்றிச் சொன்னதால், நான் பங்கெடுத்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொடரில் நாயகி காட்டில் வழிதவறி, மலைவாழ் மக்களிடம் அடைக்கலமாகும் கட்டம் வந்தது. அதை எழுதியது நான்தான். ‘மலைவாசிகள் அவளைக் காப்பாற்றுகிறார்கள்’ என்று ஒரே வரி. ஏற்காட்டுக்கு மேலே ஒரு காபித் தோட்டத்தில் படப்பிடிப்பு. பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேரை ஏஜெண்ட் அழைத்து வந்திருந்தார். எல்லோரும் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர்கள். பாலியஸ்டர் புடவை, மேலே ஒரு ஸ்வெட்டர், கையில் சாப்பாட்டுத் தூக்கு. காஸ்ட்யூமர் கையில் இலை அச்சடித்த துணி, பாசிமணி, இறகு. அசோசியேட் டைரக்டர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இவங்களப் பார்த்தா மலைவாசி மாதிரியே இல்லையே” என்றார். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றிருந்தார். அவர் கோபப்படவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: “நாங்க இந்த மலைதானுங்க. வேற எப்படிங்க இருக்கோணும்?”

யாரும் பதில் சொல்லவில்லை. அரைநாள் கூலி கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். எங்களோடு வந்திருந்த ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் இலையையும் இறகையும் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் பேசுவதற்குத் தமிழும் இல்லாத, வேறெந்த மொழியும் இல்லாத ஒரு பேச்சு வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து அதையும் எழுதிக்கொடுத்தேன். அந்த எபிசோடு ஒளிபரப்பானபோது அந்த அம்மாவும் பார்த்திருப்பார். இதைப் பல வருடம் நினைத்திருக்கிறேன்.

உண்மையில் சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்ததாக அவர்கள் சொல்லும் வாய்மொழிக் கதை ஒன்று உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் மொத்தம் ஏறக்குறைய 7.95 லட்சம். அதில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மலையாளிகள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடும் சேந்தமங்கலமும். சேர்வராயன் குகைக் கோயில் திருவிழாவுக்குச் சேலத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறோம். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் “ஏற்காட்டு மலையாளிகள் யார்?” என்று கேட்டால், கேரளாவிலிருந்து வந்தவர்கள் என்றுதான் முதல் பதில் வரும். இருபது கொண்டை ஊசி வளைவு தூரம்தான். மலைக் கிராமத்திலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் சேர்ந்த ஒரு பெண்ணிடம் முதல் வாரம் வகுப்புத்தோழிகள் கேட்ட கேள்வி, “உங்க ஊர்ல கரண்ட் இருக்கா?” கேட்டவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அவர்கள் பார்த்த ஒரே மலைக்கிராமம் என்னைப் போன்றவர்கள் எழுதியதுதான்.

காட்டப்படாதவருக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றித்தான் இந்த விஷயத்தில் அதிகம் பேசுவார்கள். அவரைத் திரையில் மட்டுமே பார்க்கும் மற்றவர் தவறாகத் தெரிந்துகொள்வதும் அதே அளவு நஷ்டம். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தால் சீரியலில் வரும் பாய் உங்களை அதிகம் பாதிக்கமாட்டார், உங்களுக்கு நிஜ மனிதர்களைத் தெரியும். அப்படி யாரையும் தெரியாதவருக்கு, ரம்ஜான் வாரத்தில் மட்டும் பிரியாணியோடு வந்துபோகும் அந்தப் பாத்திரம்தான் எல்லாம். சேலத்து வீடுகளுக்குள் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் பேசுகிறோம். சீரியலில் வரும் சேலத்தில் எனக்கு இவற்றில் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

இனி ஆய்வுகள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். தொலைக்காட்சிக் கதைகள் வாழ்க்கையை மாற்றும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு, ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009ல் வெளியிட்டது. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களின் கிராமங்களில் கேபிள் டிவி வந்த பிறகு என்ன ஆனது என்று பார்த்தார்கள். மனைவியை அடிப்பது தப்பில்லை என்ற எண்ணம் குறைந்தது, ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற ஆசை குறைந்தது என்றது அது. பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி ஆராய்ந்து, முடிவுகள் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை என்று வாதிட்டார்கள். அதனால் நான் அதை வகுப்பில் நிரூபணமாகச் சொல்வதில்லை. பிரேசிலில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட வலுவாகத் தெரிகிறது. அங்கே பிரபலமான தொடர்களில் சிறிய குடும்பங்களே அதிகம் வந்தன. அந்த அலைவரிசை எட்டிய ஊர்களில் பிறப்பு விகிதம் குறைந்தது. குழந்தைகளுக்கு அந்தத் தொடர்ப் பாத்திரங்களின் பெயரை வைக்கும் வழக்கமும் தெரிந்தது. அமெரிக்காவில் நிக்கோல் மார்டின்ஸ், கிறிஸ்டன் ஹாரிசன் இருவரும் ஏறக்குறைய 400 குழந்தைகளிடம் செய்து 2012ல் வெளியிட்ட ஆய்வில், டிவி பார்க்கும் நேரம் கூடக்கூடக் கறுப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளைப் பெண் குழந்தைகளுக்கும் தம்மைப் பற்றிய மதிப்புக் குறைவாக இருந்தது. வெள்ளைப் பையன்களுக்கு மட்டும் கூடியிருந்தது. திரையில் நாயகன் யார் என்று நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இரண்டு விஷயம் உறுதி. திரும்பத் திரும்பப் பார்ப்பது, எது இயல்பு என்ற எண்ணத்தை உருவாக்குகிறது. நேரில் பழக்கமில்லாத மனிதர்களைப் பற்றி அது இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. ஒரு தொடர், ஒரு பாத்திரம் ஊரை மாற்றிவிடும் என்பது சந்தேகம்தான். மாற்றம் வந்தால் அதில் டிவிக்கு எவ்வளவு பங்கு, பள்ளிக்கூடத்துக்கும் கூலி உயர்வுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது எவருக்கும் கஷ்டம். “ஒரு கறுப்பு நாயகி வந்துவிட்டாள், இனி எல்லாம் சரி” என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய அதே 1975ல்தான் நாட்டில் பிரபலமான சிவப்பழகுக் கிரீமும் சந்தைக்கு வந்தது. விளம்பரங்கள் கறுப்பு நிறத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு விதி கொண்டுவந்தது 2014ல். 2020ல் அந்தக் கிரீம் பெயரையே மாற்றிக்கொண்டது. இந்த நாற்பத்தைந்து வருடமும் இடைவேளையில் அந்த விளம்பரம், இடைவேளை முடிந்ததும் அதே நிறத்தில் நாயகி. கறுப்பான பெண்ணின் கதை என்று எழுதிவிட்டு, சிவந்த நடிகைக்குக் கறுப்பு மேக்கப் போட்டு எடுத்ததை நான் செட்டில் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. அந்த வாய்ப்புக்காக வெளியே காத்திருந்த கறுப்பான பெண்களிடம் “ஃபிரெண்டு ரோல் இருந்தால் சொல்றோம்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

வருவது மட்டும் போதாது, எப்படி வருகிறார்கள் என்பதும் உண்டு. சீரியலில் சக்கர நாற்காலி எப்போது வரும் என்று யோசித்துப் பாருங்கள். வில்லிக்குத் தண்டனையாக வரும், இல்லையென்றால் நாயகியின் தியாகத்தைக் காட்ட வரும். நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கியவர், அம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றிய பிள்ளை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஆனால் மாரியப்பனையும் நான் முழு விடையாகச் சொல்லமாட்டேன். மாற்றுத்திறனாளி என்றால் பரிதாபம், இல்லையென்றால் பதக்கம் என்று இரண்டே கதவு வைத்தால் நடுவில் இருக்கும் லட்சக்கணக்கானவர்கள் எங்கே போவார்கள்? ஊன்றுகோலோடு அலுவலகம் போய், மேலதிகாரியைத் திட்டிக்கொண்டே டீ குடித்து, தங்கை கல்யாணத்துக்குச் சீட்டு எடுக்கும் ஓர் அண்ணன் கதையில் வரவேண்டும். அவர் கால் கதையின் விஷயமாகவே இருக்கக்கூடாது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: கேலியாகவும் பரிதாபமாகவும் காட்டாதீர்கள், எழுதும்போது அவர்களையே உடன்வைத்து எழுதுங்கள் என்று.

திருநங்கைகள் விஷயத்தில் தமிழ்த் தொலைக்காட்சி ஒரு நல்ல காரியம் முன்னாலேயே செய்திருக்கிறது. 2008ல் விஜய் டிவியில் ரோஸ் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியை நடத்தினார். அவர் கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார், அதுதான் பெரிய விஷயம். 2014 சுதந்திர தினத்தன்று கோவையில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினி, உயர் நீதிமன்றம் வரை போராடி, 2017ல் சப்-இன்ஸ்பெக்டராகத் தர்மபுரியில் பணியில் சேர்ந்தார். தொடர்களின் கதைக்குள் மட்டும் திருநங்கைப் பாத்திரம் இன்னும் பெரும்பாலும் சிக்னலில் நிற்கிறது, அல்லது நாயகனை ஆசீர்வதித்துவிட்டுப் போகிறது. ஊர் போன தூரம்கூடச் சீரியல் போகவில்லை.

உங்கள் கேள்வியில் ஒரு பாதியை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கதை நன்றாக இருக்கத்தான் வேண்டும். பட்டியல் போட்டு, இந்தத் தரப்பில் ஒருவர், அந்தத் தரப்பில் ஒருவர் என்று ஹாலில் நிறுத்தினால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அப்படி வருகிறவர் நாயகிக்கு அறிவுரை சொல்லத்தான் வருவார், அவருக்கென்று ஒரு பசி, ஒரு பொறாமை, ஒரு கடன் இருக்காது. அந்த மாதிரிப் பாத்திரங்களை நானே எழுதியிருக்கிறேன், ஆறே வாரத்தில் கதையிலிருந்து காணாமல் போய்விட்டார்கள். ஆனால் கதை நன்றாக இருப்பதும் எல்லா ஆட்களும் வருவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் அனுபவத்தில் அது நேர்மாறு.

அந்த மாணவியிடம் சோபாவை எடுத்துவிட்டு உன் வீட்டிலேயே இந்தச் சண்டையை நடத்து என்றேன். முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். திரும்பக் கொண்டுவந்ததில் ஆரம்பமே தறிச் சத்தம். தறி ஓடும் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசமுடியாது, எல்லாமே கத்தல்தான், அதனால் அங்கே கத்துவது கோபமாகாது. மகள் ஒருவரைக் காதலிக்கிறாள். அதை அம்மாவிடம் மட்டும் சொல்லவேண்டும். பின்னால் பாட்டி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறார், தறியில் அப்பா. தறிச் சத்தமே மறைப்பு என்று நம்பி, அம்மாவின் காதோரம் நின்று முழுக் குரலில் பெயரைச் சொல்கிறாள். சொல்லும் நொடியில் கரண்ட் போய்விடுகிறது. இரண்டு தறியும் நின்றுவிட, அந்தப் பெயர் மட்டும் வீடு முழுக்க ஒலிக்கிறது. அப்பா தறியில் நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறார்.

பதினாறு வருடத்தில் ரகசியம் வெளியாகும் காட்சி எத்தனை எழுதியிருப்பேன். கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பது, போனை ஆஃப் செய்ய மறப்பது, மாடிப்படியில் மாமியார் நிற்பது. இது மாதிரி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை, நானும் அதே குகையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள்தான். தறி வீட்டை எழுதினால் தறிக்காரருக்கு மரியாதை என்பதோடு விஷயம் நிற்பதில்லை. அந்த வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய காட்சிகள் இருக்கின்றன, அவை இல்லாமல் எல்லோருமே ஏழையாக இருக்கிறோம். அந்தக் குறும்படத்தை அவர்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் போட்டுக் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். படத்தில் கரண்ட் போனதும் கூட்டத்தில் இரண்டு பேர் அனிச்சையாக எழுந்து நின்றார்கள், நிஜமாகவே தறி நின்றுவிட்டது என்று.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். சீரியலில் நாயகி வரும்போது முதலில் அவள் பாதம், கொலுசு, அந்தச் சத்தம், அப்புறம்தான் முகம். நானே நூறு முறை ‘கொலுசு க்ளோஸ்-அப்’ என்று எழுதியிருப்பேன். அந்தக் கொலுசு சேலத்தில் செய்ததாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. எடைபோட்டு வாங்கிய வெள்ளி, கம்பி இழுப்பது, பின்னுவது, பத்தவைப்பது, சலங்கை கோர்ப்பது, மெருகு போடுவது, திரும்ப எடைபோட்டுக் கொடுப்பது, சேதாரம் போக நாலு கிராம் இடித்தால் அந்த வாரம் வீட்டில் நடக்கும் பேச்சு. இத்தனைக்கும் பின்னால் ஒரு கையைக்கூட நான் எழுதியதில்லை.

இன்று ராத்திரி சீரியல் இடைவேளையில் அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ‘ஏன் நாம் வருவதில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் “அட போ கண்ணு” என்பார். பட்டறையில் நடந்த எந்தச் சண்டையை டிவியில் போட்டால் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை இங்கே எழுதமுடிந்தால் எழுதுங்கள். அடுத்த பருவத்தில் வகுப்புக்கு எனக்கு ஒரு கதை தேவைப்படுகிறது.